இம்பேக்ட் கண்ணாடி போட்டுவிட்டால் தீத்தடுப்புக் கண்ணாடி தேவையில்லையா?

கேள்வி: அமெரிக்காவின் புளோரிடாவில், மயாமி-டேட் கவுன்டியில் 3 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்து மனை எல்லைக்கும் எங்கள் சுவருக்கும் இடையே 4 அடிதான். ஜன்னல்களுக்குப் புயல் தாங்கும் இம்பேக்ட் கண்ணாடி என்று வரைபடத்தில் காட்டியிருந்தோம். பெர்மிட் பரிசீலனையில் தீத்தடுப்பும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இம்பேக்ட் கண்ணாடியே அத்தனை தடிமன், அது போதாதா?

பதில்:

போதாது. தடிமனை வைத்துத் தீயை எடைபோட முடியாது. இம்பேக்ட் கண்ணாடியின் உயிர் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலத்தில் இருக்கிறது. கண்ணாடி நொறுங்கினாலும் படலம் கிழியாமல் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். தீ வந்தால் முதலில் இளகி எரிவதும் அதே படலம்தான். தீத்தடுப்புக் கண்ணாடியின் கதை நேர்மாறு: சோதனை உலைக்குள் முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்கும், ஆனால் புயலில் பறந்து வரும் மரக்கட்டையை அது தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆனால் கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன்னால், தீத்தடுப்பு உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்த்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

புளோரிடா கட்டட விதியின் 705ஆம் பிரிவு, சுவருக்கும் மனை எல்லைக்கும் உள்ள தூரத்தை வைத்து எவ்வளவு ஜன்னல் வைக்கலாம் என்று சொல்கிறது. 3 அடிக்குள் ஜன்னலே கூடாது. 3 அடி முதல் 5 அடிக்குள் என்றால், அந்த மாடியின் சுவர்ப் பரப்பில் 15 சதவீதம் வரை வைக்கலாம். அதுவும் தீத்தடுப்பு ஜன்னலாக இருக்க வேண்டும். 5 முதல் 10 அடிக்குள் 25 சதவீதம். அங்கே தீத்தடுப்பு இல்லாத ஜன்னலுக்கும் 10 சதவீதம் இடம் உண்டு. 30 அடி தாண்டினால் எந்த வரம்பும் இல்லை.

உங்கள் சுவர் ஒரு மாடிக்கு 40 அடி நீளம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 400 சதுர அடியில் 15 சதவீதம் 60 சதுர அடி. 3 அடிக்கு 4 அடி ஜன்னல் என்றால் ஐந்து. சுவரை ஒரே ஓர் அடி உள்ளே தள்ளினால் 100 சதுர அடி, அதாவது எட்டு ஜன்னல். எல்லாமே தீத்தடுப்பு இல்லாதவை என்றால் மூன்று வைக்கலாம். வரைபடம் இன்னும் காகிதத்தில் இருந்தால் இந்த ஓர் அடியைப் பற்றி ஆர்க்கிடெக்டிடம் பேசுவது லாபம்.

அதே அட்டவணையில் இன்னொரு வழியும் உண்டு. கட்டடம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் (தீ வந்தால் தானே தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இருந்தால், 3 முதல் 5 அடிக்குள்ளும் 15 சதவீதம் சாதாரண ஜன்னல் வைக்கலாம். "எங்களுக்குத்தான் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். 3 மாடிக் குடியிருப்புகளில் செலவு குறைவு என்று பெரும்பாலும் போடுவது என்எஃப்பிஏ (அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம்) தரங்களில் குடியிருப்புக்கான 13ஆர் வகை. இந்தச் சலுகை முழு என்எஃப்பிஏ 13 வகைக்கு மட்டுமே; 13ஆர் கணக்கில் வராது. ஸ்பிரிங்க்ளரை 13ஆக உயர்த்தும் செலவையும் அந்தச் சுவரின் ஜன்னல்களைத் தீத்தடுப்பாக்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் எண்ணிக்கை அதிகமென்றால் ஸ்பிரிங்க்ளர் பக்கம் தராசு சாய வாய்ப்புண்டு. இம்பேக்ட் தேவை மட்டும் எந்த வழியிலும் போகாது.

ஒரே மனையில் இரண்டு கட்டடம் இருந்தால் நடுவே கற்பனைக் கோடு ஒன்று போட்டு அதிலிருந்து தூரம் அளக்க வேண்டும் என்பதையும், வெளியேறும் படிக்கட்டின் வெளிச்சுவரோடு 180 டிகிரிக்குக் குறைவான கோணத்தில் சேரும் பக்கத்துச் சுவரில் 10 அடி வரைக்கும் ஜன்னல்களுக்கு 45 நிமிடத் தடுப்பு கேட்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டும் வரைபடத்தில் கண்ணுக்குத் தப்பும் இடங்கள்.

சரி, தேவைதான் என்று முடிவாகிவிட்டது. ஒரு மணி நேரச் சுவரில் வைக்கும் ஜன்னலுக்கு 45 நிமிடம் போதும். கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரையாக ஓஎச்-45 என்று இருக்கும். ஓ, எச் இரண்டும் சேர்ந்தால் ஜன்னல் சோதனையிலும், உலையிலிருந்து எடுத்த சூட்டோடு தீயணைப்புக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சும் சோதனையிலும் தேறியது என்று பொருள். டபிள்யூ-60 என்றிருந்தால் அது சுவருக்கான சோதனையிலேயே தேறியது. வெப்பத்தையும் தடுக்கும், ஜன்னல் பரப்பு வரம்பும் அதற்குக் கிடையாது. விலையும் எடையும் அதற்கேற்ப. டி என்று தொடங்கும் முத்திரை கதவுக்கானது. அதை ஜன்னலில் வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் வாதாடிப் பயனில்லை.

புயல் பக்கத்துச் சோதனை வேறு உலகம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது ஒரு ஜன்னல் உடைந்தால் என்ன ஆகும் என்று தெற்கு புளோரிடா பார்த்துவிட்டது. காற்று உள்ளே புகுந்து பலூன் போல ஊதும், கூரை பிய்ந்து போகும். அதன்பின் கடுமையான விதிகள் வந்தன. இன்று மயாமி-டேட், பிரோவர்டு இரண்டு கவுன்டிகளும் எச்.வி.எச்.இசட் எனப்படும் அதிவேகப் புயல் மண்டலம். இங்கே தரையிலிருந்து 30 அடி உயரம் வரை உள்ள ஜன்னல் மீது 9 பவுண்டு எடையுள்ள இரண்டுக்கு நாலு அங்குல மரக்கட்டையை வினாடிக்கு 50 அடி வேகத்தில் எய்வார்கள்: ஒரு முறை நடுவில், ஒரு முறை மூலையருகே. அடிபட்ட அதே ஜன்னலை அழுத்தச் சோதனைக்கு ஏற்றி, உள்நோக்கி 671 முறை, வெளிநோக்கி 671 முறை தள்ளி இழுப்பார்கள். முடிவில் 5 அங்குலத்துக்கு மேல் நீளமும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் அகலமும் கொண்ட, காற்று புகும் விரிசல் இருந்தால் தோல்வி. கண்ணாடி உடையலாம், திறப்பு உண்டாகக் கூடாது.

அழுத்த எண்ணையும் நீங்களே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். மயாமி-டேட்டில் குடியிருப்புக்கு வடிவமைப்புக் காற்று மணிக்கு 175 மைல். திறந்த நிலப்பரப்பு வகை சி, 30 அடி உயரம் என்றால் 0.00256 × 0.98 × 0.85 × 175 × 175, சதுர அடிக்குச் சுமார் 65 பவுண்டு. சிறிய ஜன்னல் சுவரின் நடுவில் இருந்தால் இதை 1.28ஆலும், கட்டட மூலையருகே என்றால் 1.58ஆலும் பெருக்கி, பிறகு 0.6ஆல் பெருக்குங்கள். நடுவில் 50, மூலையில் 62 பவுண்டு. இரண்டும் வெளிநோக்கி இழுக்கும் அழுத்தம். தட்டைக் கூரை என்றால் கொஞ்சம் குறையும். ஒரே மாதிரி ஜன்னல்தானே என்று நடு ஜன்னலின் எண்ணை மூலைக்கும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கையெழுத்துப் போட வேண்டியவர் இன்ஜினியர்தான். ஆனால் விற்பவர் காட்டும் எண் இதற்கு வெகு கீழே இருந்தால் உடனே பிடித்துவிடலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சான்றிதழ் கண்ணாடிக்குத் தரப்படுவதில்லை. கண்ணாடி, சட்டம் (ஃபிரேம்), அதைப் பிடிக்கும் சிலிகான் அல்லது டேப், சுவரில் இறங்கும் ஸ்க்ரூ, எல்லாம் சேர்ந்த முழு ஜன்னலுக்குத்தான் சான்று. மயாமி-டேட் என்ஓஏ (கவுன்டி தரும் தயாரிப்பு ஒப்புதல்) வாங்கிய அலுமினிய ஜன்னலில் ஓஎச்-45 கண்ணாடியைச் செருகித் தருகிறேன் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவர் இரண்டு சான்றையும் ஒரே வேளையில் செல்லாததாக்குகிறார். அந்தச் சட்டத்தில் அந்தக் கண்ணாடியை வைத்து யாரும் மரக்கட்டை எய்யவில்லை. உலையில் வைத்தும் பார்க்கவில்லை.

உலையில் வைத்தால் என்ன ஆகும்? சோதனை உலை 5 நிமிடத்தில் 538 டிகிரி செல்சியஸ், 10 நிமிடத்தில் 704, அரை மணியில் 843 டிகிரிக்குப் போகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதாவது பத்து நிமிடத்துக்குள் உலைச் சூடு அதைத் தாண்டிவிடும். 45 நிமிடம் முடியுமுன் சட்டம் வழிந்துவிடும், கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கீழே விழும். அதனால் 45 நிமிட ஜன்னலில் உள்ளே சுமை தாங்குவது எஃகாக இருக்கும். வெளியே தெரியும் அலுமினியம் வெறும் மூடி. கடற்காற்றில் எஃகு துருப்பிடிக்கும் என்பதால் கால்வனைஸ் செய்திருக்கிறதா, ஸ்க்ரூ துருப்பிடிக்காத வகையா என்று கேளுங்கள். தளத்தில் புதிதாகத் துளை போட்டால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும். சான்றும் கேள்விக்குறியாகும்.

கண்ணாடியைப் பிடிக்கும் விதத்திலும் மோதல் இருக்கிறது. புயலுக்குக் கண்ணாடியின் விளிம்பைச் சட்டத்தோடு சிலிகான் போட்டு இறுக ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் உடைந்த கண்ணாடி படலத்தோடு போர்வை மாதிரி உருவிக்கொண்டு போய்விடும். தீக்கு அதே விளிம்பில் எரியாத பீங்கான் இழை டேப்பும், கீழே ரப்பருக்குப் பதில் கால்சியம் சிலிகேட் கட்டையும், விரிவதற்கு இடைவெளியும் வேண்டும். இரண்டையும் சேர்த்து எப்படி வைப்பது என்பது உற்பத்தியாளரின் வரைபடத்தில் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். கடையில் கிடைத்த சிலிகானை மாற்றிப் போடுவது, கட்டையை ரப்பராக மாற்றுவது, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். மூடிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பீடிங் (கண்ணாடியைச் சட்டத்தில் பிடிக்கும் பட்டை) போடும் முன் ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்து வையுங்கள்.

வழக்கமான தீர்வு இரட்டைக் கண்ணாடித் தொகுதி: வெளிப்பக்கம் இம்பேக்ட் லேமினேட், நடுவே காற்றிடைவெளி, உட்பக்கம் தீத்தடுப்புக் கண்ணாடி. உள்ளே வைப்பது தெளிந்த பீங்கான் கண்ணாடியா, சூட்டில் நுரைத்து வெள்ளையாகும் அடுக்குக் கண்ணாடியா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. பீங்கான் மெல்லியது, வெடிக்காது. ஆனால் வெப்பக் கதிரை அப்படியே விடும். உள்ளே தீ எரிந்தால் வெளிப்பக்க பிளாஸ்டிக் படலம் சூடேறிப் பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. நுரைக்கும் வகை வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் புற ஊதாக் கதிரிலும் ஈரத்திலும் மங்கும். வெயிலை வெளி லேமினேட் தணிக்கும் என்றாலும் விளிம்பு டேப் கிழியாமல் வந்திருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். இந்த வகையைத் தளத்தில் வெட்டவோ விளிம்பைத் தேய்க்கவோ முடியாது. சுவர்த் திறப்பு முடிந்தபின் அளவெடுத்து ஆர்டர் கொடுங்கள்.

உங்கள் 4 அடி தூரத்துக்கு இன்னொரு நிபந்தனை: எல்லையிலிருந்து 10 அடிக்குள் இருக்கும் சுவர் இரண்டு பக்கத் தீயையும் தாங்க வேண்டும். இந்தத் தொகுதியோ இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து தீ வைத்துச் சோதித்தார்கள் என்று ஜன்னலின் தீத்தடுப்புச் சான்றுப் பட்டியலில் எழுதியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

எடையையும் மறக்காதீர்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. வெளியே இரண்டு 6 மில்லிமீட்டர் தகடு, உள்ளே 60 நிமிட நுரைக்கும் வகை என்றால், 3 அடிக்கு 4 அடி ஜன்னலின் கண்ணாடி மட்டும் 90 கிலோவைத் தாண்டலாம். இரண்டு பேர் தூக்கிவைக்கும் வேலை அல்ல அது.

இரண்டும் சேர்ந்த ஜன்னல் கட்டுப்படியாகவில்லை என்றால், தீத்தடுப்பு ஜன்னலின் வெளியே என்ஓஏ பெற்ற ஷட்டர் போடலாம். அப்போதும் காற்றழுத்தத்துக்கான கணக்கில் ஜன்னல் தேறியாக வேண்டும். கட்டை அடித்தால் ஷட்டர் உள்நோக்கி வளையும் என்பதால், கண்ணாடிக்கும் அதற்கும் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி அந்த என்ஓஏவிலேயே இருக்கும்.

ஆர்டர் தாளில் "இம்பேக்ட், ஃபயர் ரேட்டட்" என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: முழு ஜன்னலுக்கும் எச்.வி.எச்.இசட்டுக்குச் செல்லும் என்ஓஏ அல்லது புளோரிடா ஒப்புதல் எண், அது காலாவதியாகும் தேதி, பெரிய எறிபொருள் (மரக்கட்டை எய்யும்) சோதனை, மூலை ஜன்னலுக்கு இன்ஜினியர் தந்த அழுத்த எண் (மேலே உள்ள கணக்கில் −62; கழித்தல் குறி வெளிநோக்கி). அதே ஜன்னலுக்கு யூஎல் 9 அல்லது என்எஃப்பிஏ 257 (இரண்டும் ஜன்னல் தீச்சோதனைத் தரங்கள்) பட்டியல், 45 நிமிடம், இரு பக்கத் தீ. கண்ணாடியில் அழியாத முத்திரை, சட்டத்தில் லேபிள். இரண்டு தாளிலும் சட்டத்தின் மாடல் எண்ணும் கண்ணாடி அடுக்கின் விவரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெர்மிட்டுக்குத் திருப்பி அனுப்பும்போது இவ்விரண்டையும் முதல் பக்கத்தில் வையுங்கள்.