சீட் மெத்தென்று இருந்தால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

சென்னையில் வேலை, சொந்த ஊர் திண்டுக்கல். 350 சிசி பைக்கில்தான் ஊருக்குப் போய் வருகிறேன். திண்டிவனம் தாண்டினாலே பின்பக்கம் வலி தாங்க முடியவில்லை. சீட் கடைக்காரர் இரண்டு இஞ்ச் ஸ்பாஞ்ச் கூடுதலாக வைத்தால் மெத்தை மாதிரி இருக்கும் என்கிறார். வைக்கலாமா?
- வாசகர், குரோம்பேட்டை

வைக்காதீர்கள். மெத்தை தூங்குவதற்கு! கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த ஸ்பாஞ்ச் சொகுசாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் எடை முழுக்க இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளில்தான் இறங்குகிறது, சாதா ஸ்பாஞ்ச் அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, கடைசியில் நீங்கள் சீட்டுக்கு அடியில் இருக்கும் தட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பீர்கள். சந்தேகம் இருந்தால் இப்போதுள்ள சீட்டிலேயே முஷ்டியை வைத்து உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்கள். அடித்தட்டு கையில் தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. எண் கூடினால் சீக்கிரம் நைந்து போகாது, அவ்வளவுதான்; அதை வைத்து மட்டும் மெத்தா, கெட்டியா என்று சொல்ல முடியாது. நான் சொல்வது, அடியில் துண்டு ஸ்பாஞ்சை அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோம், அதன் மேல் அரை இஞ்சுக்கு மட்டும் கொஞ்சம் மிருதுவான ஃபோம். கையால் தொட்டால் கெட்டியாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம்.

அதைவிட முக்கியம் சீட்டின் சரிவும் அகலமும். ஓட்டும்போது அடிக்கடி பின்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் சீட் டேங்கை நோக்கிச் சரிந்திருக்கிறது. அதனால் எலும்பின் மேல் விழ வேண்டிய எடை தொடை இடுக்கில் விழும், அங்கே மரத்துப் போவதும் பெரும்பாலும் இதனால்தான் (இறங்கி நடந்த பிறகும் மரப்பு போகவில்லை என்றால் சீட் கடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்). இதற்கு முன்பக்கம் அரை இஞ்ச் ஏற்றி, உட்காரும் இடத்தைச் சமதளமாக்கினாலே பாதி வலி குறையும். அகலத்துக்கு, வீட்டில் ஒரு மர ஸ்டூலில் அட்டைப்பெட்டி அட்டையைப் போட்டு ஐந்து நிமிடம் அழுத்தி உட்காருங்கள். இரண்டு குழி விழும். அந்த இரண்டு குழியும் சீட்டின் சமதளமான பகுதிக்குள் தாராளமாக அடங்க வேண்டும், ஓரத்தில் வழுக்கினால் எந்த ஃபோமும் உதவாது. அளவை எழுதிக்கொண்டு அட்டையையே கடைக்கு எடுத்துப் போங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரு யோசனை: கம்பெனி சீட்டில் கை வைக்காமல் பழைய சீட் ஒன்றை வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள், சென்னைக்காரருக்குப் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை இருக்கும்போது என்ன கவலை. ரெக்சினை ஸ்டேப்ளர் அடித்து மூடும் முன் சும்மா இழுத்துக் கட்டி, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்ச வேலையை முடியுங்கள். இதற்குக் கடைக்காரர் முகம் சுளிப்பார், விடாதீர்கள்.

அப்புறம், ஜீன்ஸின் நடுத் தையல் சரியாக வலிக்கும் இடத்திலேயே இருக்கும். சைக்கிள்காரர்கள் போடும் பேடு வைத்த ஷார்ட்ஸை உள்ளே போட்டுப் பாருங்கள். எந்த சீட்டாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நாலு எட்டு நடக்கத்தான் வேண்டும்.

ஜெல் பேடு வாங்குவதா, காற்றடைத்த குஷன் வாங்குவதா?
- வாசகர், கோவை

நம் வெயிலுக்கு என் ஓட்டு காற்றுக்குத்தான். ஜெல் எடையைப் பரப்பிவிடும் என்பது நிஜம், ஆனால் மே மாதம் டீக்கடை வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும். காற்றுக் குஷனில் எல்லோரும் செய்யும் தப்பு, பந்து மாதிரி ஊதிவிடுவது. வளைவில் உடம்பு ஆடும். அதன்மேல் உட்கார்ந்துகொண்டே காற்றைத் திறந்துவிட்டு, உங்கள் பின்பக்கம் கீழே இருக்கும் சீட்டைத் தொடுகிற மாதிரி வரும்போது மூடுங்கள். ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி போதும்.

என் உயரம் ஐந்தடி ஒரு இஞ்ச். சீட்டை மாற்றினால் கால் எட்டாமல் போய்விடுமோ என்று பயம்.
- வாசகி, ஈரோடு

ஃபோமை ஏற்றினால் நிச்சயம் எட்டாது. உயரத்தைத் தொடாமல், தொடை வருகிற முன்பக்க ஓரங்களை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள். கால் நேராக இறங்கும், தரையும் கிட்டத்தில் வரும். உட்காரும் இடத்தின் அகலத்தில் கை வைக்க விடாதீர்கள். மொத்த சீட்டையும் குடைந்து தாழ்த்துகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள், உட்காரும் இடத்தில் ஃபோம் மெலிந்தால் தட்டு குத்தும்.

எனக்குப் பிரச்சினை இல்லை, பின்னால் உட்காரும் மனைவிக்குத்தான் முதுகு வலி. பள்ளத்தில் விழும்போதெல்லாம் திட்டு வாங்குகிறேன்.
- வாசகர், நாகர்கோவில்

திட்டு நியாயமானது. பின் சக்கரத்துக்கு மேலேயே அவர் உட்கார்ந்திருப்பதால் அடி முதலில் அவருக்குத்தான். சீட்டுக்கு முன்னால் பின் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். ஒருவர் போகிற செட்டிங்கில் இருவர் போனால் அது அடிவரை அமுங்கி இடிக்கும், இருவருக்கான செட்டிங்கில் தனியாகப் போனால் தூக்கிப் போடும். மெக்கானிக் இரண்டு நிமிடத்தில் திருகித் தருவார். ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நீண்ட தூரத்துக்கு ஒருபக்கமாக உட்கார்ந்து வருவது மட்டும் வேண்டவே வேண்டாம், ஆபத்து ஒருபுறம், முதுகை முறுக்கியே உட்கார வேண்டியிருக்கும். பள்ளம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புது ரெக்சின் போட்டேன். மழை பெய்த மறுநாளும் உட்கார்ந்தால் பேன்ட் நனைகிறது.
- வாசகர், கடலூர்

தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஃபோமுக்குள் போயிருக்கிறது, ஃபோம் அதை லேசில் விடாது. சீட்டைக் கழற்றி, ரெக்சினைப் பிரித்து, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். திரும்ப மூடும்போது ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தில் அலங்காரத் தையலே வேண்டாம்.