ஒரு குழந்தைக்கு விட்டால் மறுகுழந்தைக்கு: வீட்டில் ஓயாத சளியும் காய்ச்சலும்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது, மகளுக்குப் பதினொரு மாதம். புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் நால்வர் மட்டுமே வசிக்கிறோம். மகன் மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து வீட்டில் சளியும் காய்ச்சலும் ஓய்ந்தபாடில்லை. அவனுக்குக் குணமாகும் நேரத்தில் பாப்பாவுக்குத் தொடங்கிவிடுகிறது. பல சமயம் எனக்கும் வருகிறது. கணவர் வேலையிலிருந்து திரும்ப இரவாகிவிடும். இருவருக்குமே நோய் எதிர்ப்புச் சக்தி குறைவோ என்று பயமாக இருக்கிறது. டானிக் ஏதாவது கொடுக்கலாமா? மகனுக்கு எழுதித் தந்த ஆண்டிபயாடிக் சிரப்பில் மீதமிருப்பதை அளவைக் குறைத்துப் பாப்பாவுக்குக் கொடுக்கலாமா? அவனைப் பள்ளியிலிருந்து சில காலம் நிறுத்திவிடுவது நல்லதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியில் குறை இருப்பதாக நினைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. பள்ளி செல்லும் வயதை எட்டாத ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. குழந்தைகள் காப்பகத்துக்கோ மழலையர் பள்ளிக்கோ முதன்முதலாகச் செல்லும் ஆண்டில் அது பத்து, பன்னிரண்டு முறை வரை கூடப் போகலாம். ஒவ்வொரு முறையும் மூக்கொழுகல் அடங்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். இருமல் இரண்டு மூன்று வாரம் வரை நீடிக்கக்கூடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், முழு ஆரோக்கியத்துடன் வளரும் ஒரு குழந்தை ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாள்களைச் சளியோடு கழிப்பது தெரியவரும். இரண்டு குழந்தைகளின் முறையும் அடுத்தடுத்து வரும்போது, நோயில்லாத நாளே வீட்டில் இல்லை என்று ஒரு தாய்க்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

சாதாரணச் சளியைத் தோற்றுவிக்கும் வைரஸ்களில் முதன்மையானது ரைனோ வைரஸ். அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு வகை வந்து போனதால் இன்னொரு வகையிடமிருந்து போதிய பாதுகாப்புக் கிடைத்துவிடுவதில்லை. உங்கள் மகனின் உடல் இவற்றை ஒவ்வொன்றாக இப்போதுதான் எதிர்கொண்டு வருகிறது. பாப்பாவைப் பொறுத்தவரை, கருவில் இருந்தபோது உங்களிடமிருந்து அவளுக்குக் கிடைத்த எதிர்ப்புப் புரதங்கள் முதல் ஆறு மாதங்களிலேயே பெரும்பாலும் குறைந்துவிடும். அவள் உடல் தானாகப் பழகத் தொடங்கும் அதே காலத்தில்தான் அண்ணனும் பள்ளியிலிருந்து புதிய வைரஸ்களைக் கொண்டுவருகிறான். இது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் பகுதிக் குடும்பங்களை 1940-களின் இறுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவக் குழு ஒன்று சுமார் 25,000 நோய் நிகழ்வுகளைப் பதிவு செய்தது. வீட்டுக்குள் தொற்றைக் கொண்டுவருவதில் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கே பெரும்பங்கு என்பதை அந்தப் பதிவுகளும் காட்டின.

எனவே எத்தனை முறை நோய் வந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட, இரண்டு நோய்களுக்கு இடையே குழந்தை எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நான் பெற்றோர்களிடம் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான். காய்ச்சல் விட்ட பிறகு பழையபடி ஓடி விளையாடுகிறானா, பசி திரும்புகிறதா, வளர்ச்சி அட்டையில் எடையும் உயரமும் தொடர்ந்து ஏறி வருகின்றனவா என்று பாருங்கள். இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால், ஆண்டில் பத்து முறை சளி பிடித்தாலும் அவனுடைய எதிர்ப்பு மண்டலம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வந்திருந்தால், நான்கு முறையோ அதற்கு மேலோ நடுச்செவியில் சீழ்பிடித்திருந்தால், தோலில் ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தால், ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெண்படலம் போகாமல் இருந்தால், எடை ஏறாமல் நின்றுவிட்டால், அல்லது நெருங்கிய உறவில் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தவர் யாரேனும் இருந்தால், அப்போது இரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். இரவில் அடிக்கடி இருமி எழுவது, ஓடினால் மூச்சு வாங்குவது, நெஞ்சில் விசில் போன்ற ஒலி கேட்பது ஆகியவை தொடர்ந்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதையும் எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று எண்ணிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டானிக் வேண்டாம். இயல்பாகச் சாப்பிட்டு வளரும் குழந்தைக்குச் சளி வராமல் தடுக்கும் டானிக் என்று நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. வைட்டமின் சி-யை நாள்தோறும் கொடுத்தாலும் சளி பிடிக்கும் எண்ணிக்கை பொதுவாகக் குறைவதில்லை. இரத்தசோகையோ வைட்டமின் டி குறைவோ இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால், அதை உறுதிசெய்துகொண்டு அதற்குரிய மருந்தைத் தருவார். அது வேறு சிகிச்சை.

மீதமுள்ள ஆண்டிபயாடிக்கைப் பாப்பாவுக்குக் கொடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஆண்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும். சளிக்குக் காரணமான வைரஸ்களிடம் அது செல்லாது. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் மருந்து தேவை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிற மாற்றம் சாதாரண வைரஸ் சளியிலும் சில நாள்களில் தானாக ஏற்படுவதே. சென்ற முறை மருந்து கொடுத்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்ற நினைவும் நம்மை ஏமாற்றிவிடும், ஏனெனில் பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்கள் மருந்தே இல்லாமலும் மூன்று நான்கு நாள்களில் இறங்கிவிடுகின்றன. அளவைக் குறைத்துக் கொடுத்தால் தீங்கு குறையும் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். உண்மையில் அதுதான் கூடுதல் ஆபத்து. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் ஆற்றிய நோபல் பரிசு உரையிலேயே, போதாத அளவில் மருந்தை உட்கொள்வதால் கிருமிகள் சாகாமல் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அன்று அவர் அஞ்சியது இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் எங்கள் கண்முன் நடக்கிறது. மேலும், தண்ணீர் கலந்து தயாரித்த ஆண்டிபயாடிக் சிரப், மருந்தைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் பயன்படுத்தத் தகாததாகிவிடும். நிமோனியா, சில வகைக் காதுத் தொற்றுகள், பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி போன்றவற்றுக்கு ஆண்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்படும். அப்போது குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் எழுதித் தருவதை, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். மீதி இருந்தால் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய மருந்து என்றால் பாரசிட்டமால் ஒன்றே போதும். அதன் அளவு குழந்தையின் வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம், இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. பதினாறு கிலோ எடையுள்ள உங்கள் மகனுக்கு என்றால் ஒரு வேளைக்கு அதிகபட்சம் 240 மில்லிகிராம்; ஒன்பது கிலோ எடையுள்ள பாப்பாவுக்கு என்றால் 135 மில்லிகிராம். (எடைகளை எடுத்துக்காட்டாகவே சொல்கிறேன், அண்மையில் பார்த்த எடையைக் கொண்டு கணக்கிடுங்கள்.) கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, பெரிய குழந்தைகளுக்கான சிரப்பை விடப் பெரும்பாலும் பல மடங்கு அடர்த்தியானது. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில், நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் ஒரு புட்டிக்குப் பதில் இன்னொரு புட்டியைக் கையில் எடுத்துவிடுவது எளிது. ஆகவே புட்டிகளின் மேல் பிள்ளைகளின் பெயரையும் மில்லிலிட்டர் கணக்கில் அளவையும் எழுதி ஒட்டுங்கள். கொடுத்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், கணவர் எழுந்து கவனிக்கும்போது இரண்டாம் முறை கொடுத்துவிடாமல் இருக்க அது உதவும். காய்ச்சலின் அளவைக் கீழே கொண்டுவருவதற்காக மட்டும் மருந்து தரத் தேவையில்லை. குழந்தை சோர்ந்தோ வலியிலோ இருந்தால் கொடுங்கள், நன்றாகத் தூங்குகிற குழந்தையை எழுப்பிக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரினை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது.

கடையில் கிடைக்கும் இருமல், சளி சிரப்புகள் இந்த வயதில் பயன் தருவதில்லை. அதீத மயக்கம், இதயப் படபடப்பு, மூச்சுத் தடை போன்ற தீங்குகளுக்கோ இடமுண்டு. மகனுக்கு இருமல் தொல்லையாக இருந்தால் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம். பாப்பாவுக்கு ஒரு வயது நிறையும் வரை தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒரு கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பாலூட்டும் முன்னும் தூங்க வைக்கும் முன்னும் விடுவது போதுமானது. கொதிநீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். அதனால் கிடைக்கும் நன்மையை விடச் சுடுநீர் கொட்டிப் புண்ணாகும் குழந்தைகளே அதிகம் என்பது என் கருத்து.

இனி, எப்போது தாமதிக்கக் கூடாது என்பதைச் சொல்கிறேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்து போகும் அதே வைரஸ், பாப்பாவின் நுரையீரலிலுள்ள மிகக் குறுகிய மூச்சுக்குழாய்களை வீங்கச் செய்து மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். அது பெரும்பாலும் நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை அடையும். ஆகையால் முதல் நாள் நன்றாக இருந்தாளே என்று நிம்மதி அடைந்துவிடாமல் அந்த நாள்களில் அவள் மூச்சைக் கவனியுங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை விலக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையிலான குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும் அது வேக மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளின் கீழே குழி விழுந்தாலும், ஒவ்வொரு மூச்சிலும் முனகல் கேட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும், பால் குடிக்கவே முடியாமல் போனாலும், எழுப்பினால் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் தோன்றினாலும், இரவென்றும் பாராமல் அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள். ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். காய்ச்சல் ஐந்து நாளைக் கடந்தாலும், விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்துக் கடுமையாகத் திரும்பினாலும் மறுபரிசோதனை தேவை. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இரவில் எந்த மருத்துவமனைக்குப் போவது, எந்த வாகனத்தில் போவது, அப்போது மற்றக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை, எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் கணவரோடு பேசி முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் இந்தச் சளிகள் தள்ளிப்போகுமே தவிர, அவை அவனுக்கு வராமலே போய்விடா. அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பல பிள்ளைகள் சேர்ந்திருக்கும் காப்பகத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாக இருந்தது. ஆறு வயது முதல் பதினொரு வயது வரை அவர்களுக்கே மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. காய்ச்சல் உள்ள நாள்களில் மட்டும் அவனை வீட்டில் வையுங்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால், அவனும் உற்சாகமாக இருந்தால், சிறிது மூக்கொழுகல் இருந்தாலும் அனுப்பலாம்.

வீட்டுக்குள் பரவுவதை அறவே தடுக்க முடியாது, ஏனெனில் அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலேயே தொற்று பரவத் தொடங்கிவிடும். இரண்டு பிள்ளைகளையும் தனித்தனி அறைகளில் பிரித்து வைக்க முயன்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் பரவுவதைக் குறைக்க முடியும். பள்ளியிலிருந்து வந்தவுடன், தங்கையைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன், சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவும் பழக்கத்தை மகனுக்கு ஏற்படுத்துங்கள். ஒரே டம்ளரையும் கரண்டியையும் இருவருக்கும் கொடுக்காதீர்கள். பாப்பா வாயில் வைக்கும் பொம்மைகளை அவ்வப்போது கழுவுங்கள். வீட்டில் யாரேனும் புகைபிடித்தால், வெளியே நின்று பிடித்தாலும் அந்தப் புகை உடையோடு உள்ளே வந்து பிள்ளைகளின் நெஞ்சையும் காதையும் பாதிக்கும். இருவருக்கும் நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல், ஹிப் தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டனவா என்று அட்டையைப் பாருங்கள். இன்ஃபுளுயன்சா தடுப்பூசியை ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு ஆண்டுதோறும் போடலாம். நீங்களும் கணவரும் போட்டுக்கொண்டால் பாப்பாவுக்கு அதுவும் ஒரு பாதுகாப்பு.

உங்களுக்குச் சளி பிடித்திருக்கும்போது, பாப்பா இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள் என்றால் அதை நிறுத்த வேண்டாம். அந்த வைரஸுக்கு எதிராக உங்கள் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பாலின் வழியே அவளைச் சேரும். கை கழுவிவிட்டு, முகக்கவசம் அணிந்துகொண்டு ஊட்டுங்கள். பாலூட்டும் தாய் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். இரவு முழுவதும் இரு பிள்ளைகளுக்காக மாறி மாறி விழித்திருந்து பகலில் வீட்டு வேலையையும் தனியாகச் செய்வது எவராலும் நெடுநாள் தாங்கக்கூடியதன்று. பிள்ளைகளுக்கு உடல்நலம் இல்லாத இரவுகளில் முன்னிரவைக் கணவரும் பின்னிரவை நீங்களும் என்று பிரித்துக்கொண்டு, குறைந்தது நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குங்கள். பிள்ளைகள் குணமான பிறகும் உறக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், காரணமின்றி அழுகை வருவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மகப்பேற்றுக்குப் பின் ஓராண்டு வரை வரக்கூடிய மனச்சோர்வாக அது இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. பாப்பாவின் ஒரு வயதுத் தடுப்பூசிக்குச் செல்லும்போது, இரு பிள்ளைகளின் வளர்ச்சி அட்டைகளையும் இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.