மஸ்டாங் கிளம்பும்போது பின்பக்கம் துள்ளுகிறதா? எதை முதலில் மாற்றுவது

கேள்வி: டாலஸில் இருக்கிறேன். 2011 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார், மேனுவல் கியர். இன்ஜினில் கை வைக்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டேன். நேர்கோட்டுப் பந்தய டிராக்கில் கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடவென்று துள்ளுகிறது. 60 அடியைக் கடக்க 2.2 விநாடி ஆகிறது. கண்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைப் பாடியோடு இணைக்கும் கை), ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது), ஆன்ட்டி ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) எல்லாம் சேர்ந்த கிட்டை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதல் செலவு டயருக்கு. சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்டால் டயரைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்.

கிளம்பும்போது பின்சக்கரத்துக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பது வண்டியின் எடை, முடுக்கம், எடை மையத்தின் உயரம், வீல்பேஸ் இவற்றைப் பொறுத்தது. ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் அந்தக் கணக்கில் நேரடி வேலை இல்லை. உங்கள் வண்டி ஏறக்குறைய 1,630 கிலோ, வீல்பேஸ் 2.72 மீட்டர். எடை மையம் அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், 1 ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) சுமார் 300 கிலோ பின்னால் போகும். 60 அடிக்கு 2.2 விநாடி என்றால் உங்கள் சராசரி 0.77 ஜி, அதாவது 230 கிலோ. அதே தூரத்தை 1.8 விநாடியில் கடந்தால் 1.15 ஜி, 345 கிலோ. பிடிப்பு வந்தால் முடுக்கம், முடுக்கம் வந்தால் பாரம், பாரம் வந்தால் இன்னும் பிடிப்பு. இதைத் தொடங்கி வைப்பது டயர் ரப்பர். அந்தப் பாரம் டயர்மேல் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பதமாக இறங்குகிறது என்பதுதான் சஸ்பென்ஷனின் பொறுப்பு.

எனவே 275 அகலத்தில் ஒரு ஜோடி டிராக் ரேடியல் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான, பிடிப்பு மிகுந்த டயர்) வாங்குங்கள். டிராக்கில் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஆரம்பித்து, டயர் கம்பெனி சொல்லும் வரம்புக்குள் ஒன்றொன்றாகக் குறைத்துப் பாருங்கள். திரும்பும்போது காற்று நிரப்ப மறக்க வேண்டாம். மழைக்கு இந்த டயர் ஆகவே ஆகாது.

அப்புறம் துள்ளல். இதில் உங்கள் லோயரிங் ஸ்பிரிங்குக்கும் பங்கு உண்டு. 2005 முதல் 2014 வரை வந்த மஸ்டாங்கில் பின்னால் ஒரே துண்டான ஆக்சில். கீழே இரண்டு கண்ட்ரோல் ஆர்ம், மேலே ஒன்று, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க பேன்ஹார்ட் பார் என்ற கம்பி. முடுக்கும்போது கீழ் ஆர்ம்கள்தான் வண்டியை முன்னால் தள்ளுகின்றன. அவற்றின் முன்முனை உயரமாகவும் ஆக்சில் முனை தாழ்வாகவும் இருந்தால், தள்ளும் விசையில் ஒரு பங்கு பாடியை மேலே தூக்கி, டயரைத் தரையில் அழுத்தும். பாடியை இறக்கியதும் முன்முனையும் கூடவே இறங்கிவிட்டது. அந்த அழுத்தம் போய், பின்பக்கம் வெறுமனே குந்துகிறது. கூடவே, கம்பெனி ஆர்ம்களில் உள்ள மெத்தென்ற ரப்பர் புஷ் (ஆர்மின் முனையில் உள்ள உருளை) ஆக்சிலின் முறுக்கத்தில் சுருண்டு, டயர் வழுக்கியதும் விடுபட்டு, மறுபடி சுருளும். தடதடவென்று கேட்பது இதுதான்.

மருந்து இரண்டு: ஆக்சில் முனையைக் கீழே இறக்கும் ரீலொகேஷன் பிராக்கெட், பாலியூரித்தேன் புஷ் போட்ட கீழ் ஆர்ம். பிராக்கெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் மேல் துளையிலிருந்து தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் கடைசித் துளைக்குப் போனால் டயரில் விழும் அடி அளவுக்கு மீறும். மேல் ஆர்மை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அதன் மவுண்ட் பின்சீட்டுக்கு அடியில் இருப்பதால், கெட்டியான புஷ் போட்டால் டிஃபரென்ஷியலின் (ஆக்சில் நடுவில் உள்ள கியர் தொகுதி) முனகல் நேராகக் காதுக்கு வரும். பினியன் கோணம் (டிஃபரென்ஷியலோடு டிரைவ்ஷாஃப்ட் சேரும் கோணம்) தப்பியிருந்தால் மட்டும் நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் போடலாம்.

ஷாக் வாங்குவதற்கு முன் ஒரு வேலை. பக்கவாட்டிலிருந்து, பின்சக்கரத்தின் உயரத்தில், நண்பர் ஒருவரை ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் கவனியுங்கள். கிளம்பியதும் அது சட்டென்று விரிந்து, டயர் ஒரு கணம் பிடித்துவிட்டுப் பிறகு வழுக்கினால், பின் ஷாக்கின் விரியும் அசைவு தளர்வாக இருக்கிறது. ரீபவுண்டை (அந்த விரியும் அசைவை) இறுக்கக்கூடிய ஷாக் அங்கே உதவும். இடைவெளி சுருங்கி, பாடி பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடுப்பு ரப்பரில்) போய் இடித்தால் குற்றவாளி ஸ்பிரிங். ஷாக்கில் கொட்டும் பணம் வீண். என்னைக் கேட்டால் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடச் சொல்வேன், அழகு கொஞ்சம் குறைந்தாலும்.

ஆன்ட்டி ரோல் பார் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இன்ஜின் விசையைப் பின்னால் கொண்டுவரும் டிரைவ்ஷாஃப்டின் முறுக்கம் ஆக்சிலின் வலப்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும், அதனால் வலது பின்சக்கரம் முதலில் பிடியை இழக்கும். தடித்த பார் அதைச் சமன் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது 60 அடியில் 1.6 விநாடிக்குக் கீழே போக நினைப்பவர்களின் கவலை. முன்பக்கப் பாரைக் கழற்றினால் மூக்கு சுலபமாக எழும் என்றும் சொல்வார்கள். டிராக்கில் செய்து பார்க்கலாம், ஆனால் அப்படியே நெடுஞ்சாலையில் ஓட்டி வீட்டுக்குப் போகக் கூடாது.

கிட்டுக்கு எடுத்து வைத்த பணத்தில் மிச்சமானதைக் கிளட்சுக்கு ஒதுக்குங்கள். இதுவரை டயர் வழுக்கிக்கொண்டிருந்ததால்தான் அது தப்பித்தது.