முள் சீத்தா இலைக் கஷாயத்தைக் கீமோவோடு குடிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்குகிறது. முள் சீத்தா இலை கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையானது என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, உறவினர் ஒருவர் பை நிறைய இலை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கஷாயம் வைத்துத் தரலாமா? பழமாவது தரலாமா? அம்மா ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பதில்: கஷாயம் வேண்டாம். பழம் அவ்வப்போது கொஞ்சம் சாப்பிடலாம், அதுவும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

அந்த 10,000 மடங்கு முழுக் கட்டுக்கதை இல்லை, அதனால்தான் இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முள் சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருள், ஆய்வகத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய் செல்களிடம் அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியது. சோதித்தது விதையிலிருந்து எடுத்த பொருளை. உங்கள் வீட்டில் இருப்பது இலை. அங்கே நோயாளியும் இல்லை, மார்பகப் புற்றுநோயும் இல்லை. கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லை ப்ளீச்சிங் பவுடர்கூடக் கொல்லும். இந்த மரம் மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று காட்டும் நம்பகமான மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது.

சரி, உதவாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று தோன்றும். இருக்கிறது. விதை, இலை, சதை எல்லாவற்றிலும் அசிட்டோஜெனின் என்ற வகைப் பொருட்கள் உண்டு. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை இவை முடக்குகின்றன. புற்றுநோய் செல் சாவது இப்படித்தான், நரம்பு செல் சாவதும் இப்படித்தான். கரீபியனில் உள்ள குவாடலூப் தீவில், வழக்கமான பார்க்கின்சன் மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒருவகை நடுக்குவாதம் அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்து 1999-ல் எழுதினார்கள். அந்த நோயாளிகள் பலர் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்துக்கொண்டவர்கள். இதுதான் காரணம் என்று இன்னும் முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் இதிலுள்ள அனோனாசின் என்ற பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது மூளை செல்கள் அழிந்தன. கீமோ மருந்துகளில் சில ஏற்கெனவே கைகால் நரம்புகளை மரத்துப்போகச் செய்பவை. அதன் மேல் இது எதற்கு?

இன்னொன்று, அனோனாசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு பழத்தில் சுமார் 15 மில்லிகிராம் இருந்தால், ஒரு கோப்பைக் கஷாயத்தில் 0.14 மில்லிகிராம்தான் இறங்குகிறது. வாட்ஸ்அப் புகழும் சரக்கே கஷாயத்தில் அவ்வளவாக இல்லை! தண்ணீரில் இறங்கும் வேறு பொருட்கள் உண்டு. விலங்குச் சோதனைகளில் இலைச்சாறு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைத்திருக்கிறது, அம்மா சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் தலைசுற்றி விழ நேரலாம்.

இந்த மரத்தோடு தலைமுறைகளாகப் பழகிய அமெரிக்க வெப்பமண்டல மக்கள் இலையைத் தூக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் கஷாயம் வைத்தார்கள். விதையை அரைத்துப் பேனுக்குத் தடவினார்கள், மீன்பிடிக்க நஞ்சாகவும் போட்டார்கள். அதன் நச்சுத்தன்மை அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பழத்துக்கு வருவோம். நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள நல்ல பழம், கீமோவில் வாய் கசக்கும்போது அதன் புளிப்பு பிடிக்கும். எப்போதாவது சில துண்டுகள் போதும், தினமும் ஜூஸாகக் குடிக்க வேண்டாம். விதையை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். விதையோடு மிக்ஸியில் அடிக்கவே கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வெட்டிவைத்த பழம் வேண்டாம், நன்றாகக் கழுவி அப்போதே நறுக்கிக் கொடுங்கள். பார்க்கின்சன் இருந்தால் பழத்தையும் தவிர்த்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால், பொட்டாசியம் இருப்பதால் மருத்துவர் சொல்லும் அளவுதான்.

கஷாயம் ஏற்கெனவே ஓரிரு நாள் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்திவிட்டு, முதல் கீமோவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.