கல்லூரி வளாகத்தில் நாட்டு மரத் தொகுப்பு: கேள்வி பதில்

(வட தமிழகக் கடலோர மாவட்டங்களை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.)

கேள்வி: சார், கல்லூரிக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் புதராகக் கிடக்கிறது. ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்துவிட்டு ஆரம்பிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தப் புதரிலேயே காசா, வீரை போன்ற நம் நாட்டு மரங்கள் வெட்டுப்பட்டுத் துளிர்த்து நிற்கலாம். முதலில் தாவரவியல் மாணவர்களை விட்டுக் கணக்கெடுங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி 1937இல் அந்த இடத்துக்கு வந்தது. அங்கே மிஞ்சியிருக்கும் புதர்க்காட்டை ஒருமுறை நடந்து பாருங்கள்.

கேள்வி: எத்தனை வகை மரம் தேவை? வகைக்கு ஒன்று போதுமா?

பதில்: மரத் தொகுப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சர்வதேச அமைப்பான ஆர்ப்நெட்டின் (ArbNet) முதல்நிலை அங்கீகாரத்துக்கு 25 வகை போதும். ஆனால் வகைக்கு ஒன்று போதாது. வீரையிலும் பனையிலும் ஆண் வேறு, பெண் வேறு. கன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்தாறாவது நட்டால்தான் பின்னால் காய் பார்க்கலாம். எண்ணிக்கையைவிட எனக்குப் பதிவேடுதான் பெரிது. எந்த ஊர், எந்தத் தாய்மரம், விதை எடுத்த தேதி, நட்ட தேதி எல்லாம் கன்றின் எண்ணோடு ஏற வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் தோப்புதான்.

கேள்வி: உலக்கைப்பாலைக் கன்று எங்கும் கிடைக்கவில்லை ஐயா.

பதில்: சப்போட்டா ஒட்டுக்கட்டும் நர்சரியில் ‘பாலா’ என்று கேளுங்கள். உலக்கைப்பாலைதான் சப்போட்டா ஒட்டுக்கு அடியில் நிற்கும் வேர்ச்செடி. விதையே வேண்டுமானால் புதுச்சேரி அருகே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற இடங்கள் இருக்கின்றன. ஊராரிடம் கேட்காமல் ஒரு காய்கூட எடுக்காதீர்கள்.

கேள்வி: விதைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடலாமா?

பதில்: நாவல், இலுப்பை, வேம்பு மூன்றும் காத்திருக்காது. சதையைக் கழுவி அந்த வாரமே நாற்றுப் பையில் விதையுங்கள். சரக்கொன்றை நேர்மாறு, தோல் அவ்வளவு கெட்டி. விதையின் ஓரத்தை உள்வெளுப்பு தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியவை நாற்றுப் பைக்கு. உப்பாதவற்றை மறுபடி தேயுங்கள்.

கேள்வி: ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளில் எங்கள் கல்லூரி முதல்வர் கன்று நட விரும்புகிறார்.

பதில்: அந்த வெயிலில் கன்று கருகும். வேம்பு பழுக்கும் காலம்தானே, அன்று அவரை விதை போடச் சொல்லுங்கள். அக்டோபரில் மழை இறங்கியதும் அவரே வந்து நடட்டும். மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள், மூன்று கோடைக்காவது. அவர் சம்பளத்தை இப்போதே பட்ஜெட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பெயர்ப்பலகையை மரத்தில் ஆணி அடிக்கலாமா?

பதில்: கூடாது. பக்கத்தில் முளை அடித்து மாட்டுங்கள். கியூஆர் கோடு வைத்தாலும் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், பதிவு எண் மூன்றும் கண்ணால் படிக்கும்படி இருக்கட்டும்.