தேவிபட்டினம் பக்கம் கிடைத்த பழைய செம்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? தரம் எப்படிப் பார்ப்பது?

தேய்க்காதீர்கள். புளி பட்டால் காசு பளபளக்கும், விவரமான சேகரிப்பாளர் தொடமாட்டார். கரும்பச்சைப் படிவு கெட்டியாக இருந்தால் அப்படியே விடுங்கள். வெளிர்பச்சையாகப் பூத்து, விரலில் மாவாக ஒட்டினால் கதை வேறு: உப்பிலுள்ள குளோரைடு செம்பை அரிக்கிறது. கடலோரக் காசுகளுக்குப் பிடித்த சனி இது. காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை அடிக்கடி மாற்றுங்கள். ஈரம் போக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை ஆகாது.

தரம் பார்க்க, சாய்த்துப் பிடித்த வெளிச்சமும் பத்து மடங்கு லென்ஸும் போதும். மேடான இடங்கள்தான் முதலில் தேயும். ஆனால் இவை கையால் அடித்த காசுகள். அச்சு விலகி ஓரத்தில் எழுத்து விழாமல் போயிருந்தால் அது தேய்மானம் அல்ல. இதைக் குழப்பி அடிமாட்டு விலை சொல்லும் வியாபாரிகள் உண்டு.

'சேது' என்று எழுத்து தெரிந்ததும் ராமநாதபுரம் சேதுபதி காசு என்று முடிவுகட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளும் நந்தியோடு அதே எழுத்தைப் பொறித்தார்கள்.

மண்ணிலிருந்து எடுத்ததென்றால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.