அமைதியாக உட்கார முடியாதவருக்கு என்ன வழி?

கேள்வி: வயது 44. மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனை ஆலையில், பழக்குலை லாரிகளை எடைபோட்டுப் பதியும் எழுத்தராக இருக்கிறேன். வீடு திரும்பும்போது தாடை இறுகி, நெஞ்சு படபடக்கிறது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். தியானம் செய்யக் கண்ணை மூடினால் லாரி வரிசைதான் தெரிகிறது. தலையணையைக் குத்தினால் ஆத்திரம் தணியும் என்கிறாள் தோழி. செய்யலாமா?

பதில்: கண்ணை மூடினால் லாரி தெரிவது உங்கள் குறையன்று, சகோதரி. பகல் முழுதும் முறுக்கேறிய உடல், உட்கார் என்றதும் அடங்கிவிடாது. ஆகவே உடலிலிருந்தே தொடங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அகன்ற பேசினில் தண்ணீர் நிரப்பி, நான்கைந்து ஐஸ் கட்டிகளைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றி, கண், கன்னம் எல்லாம் நனையும்படி 15 முதல் 30 விநாடி வரை முகத்தை அமிழ்த்துங்கள். முகத்தில் படும் குளிரை முக்கிளை நரம்பு மூளைக்கு உணர்த்த, மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பைத் தணிக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் அந்தத் தளர்வு உங்களுக்கே தெரியலாம். இதய நோய் உள்ளவர்களும் துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சமைக்கும்போது வாய்மூடி ஒரு பாட்டை முனகுவதும் நல்லதே. வெளிமூச்சு நீளும்போது துடிப்பும் சற்றுத் தணியும்.

தலையணையைக் குத்த வேண்டாம். 2002இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனையில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாகவே இருந்தது. அதைவிட, மனத்தை அரிப்பதை ஒரு தாளில், பிழை பார்க்காமல், தொடர்ந்து நான்கு இரவுகள் 15 நிமிடம் எழுதிப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையில் அமைந்தது. எழுதியவுடன் மனம் கனப்பது இயல்பு. தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் எனக்குக் கவலை தருவது உங்கள் படபடப்பு. தைராய்டு சுரப்பு மிகுவதும் இரத்தசோகையும், மாதவிலக்கு நிற்கப்போகும் பருவமும்கூட இவ்வாறே காட்டும் என்பதால், அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை, ஈசிஜி மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். படியேறும்போது தாடை இறுக்கத்தோடு நெஞ்சு அழுத்தமும் வந்து, ஓய்வெடுத்தால் விட்டுப்போகிறதென்றால், அதை மன உளைச்சல் என்று எண்ணிவிடாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஓய்விலும் நீங்காமல் வியர்வையும் சேர்ந்தால் உடனே 999ஐ அழையுங்கள்.